லண்டனில் இப்போது மணி என்ன?

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாய்மாமாவுக்கு 41 வயது. கல்யாணம் ஆகவில்லை, பன்னிரண்டு தறி கூலிக்கு ஓட்டுகிறார். எட்டு மாதத்துக்கு முன் ஒரு தமிழ் சாட் குரூப்பில் பழக்கமான பெண்ணோடு ராத்திரி ராத்திரியாகப் பேச்சு. பூர்வீகம் கோயம்புத்தூர், வேலை லண்டனில் நர்ஸ் என்று அந்தப் பெண் சொல்கிறதாம். வீடியோ காலில் ஒருநாளும் வந்ததில்லை. போன வாரம் நகையும் போனும் வைத்து ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறதாம். அது டெல்லி கஸ்டம்ஸில் நிற்கிறது, 48,500 ரூபாய் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று சேதி. மாமா நகைக்கடனுக்கு அலைகிறார். "ஆள் நிஜமா பொய்யான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? சொன்னா எங்கூடச் சண்டைக்கு வர்றாரு" என்பது கேள்வி.

முதலில் அந்த 48,500-ஐ நிறுத்துங்கள் தம்பி, மற்றதை அப்புறம் பார்க்கலாம். சுங்க வரி எந்தக் காலத்திலும் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கோ யூபிஐ நம்பருக்கோ போகாது. வெளிநாட்டுப் பார்சல் தபாலில் வந்தாலும் கூரியரில் வந்தாலும், வரி இருந்தால் அந்தத் தபால் நிலையமோ கூரியர் கம்பெனியோ பில் போட்டுத்தான் வாங்கும். கஸ்டம்ஸிலிருந்து வருகிற கடிதத்தில் 2019 நவம்பரிலிருந்து ஆவண அடையாள எண் ஒன்று இருக்க வேண்டும், அந்த எண்ணை மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் போட்டு நிஜமா என்று பார்க்கலாம். "ஏர்போர்ட் கஸ்டம்ஸ் மேடம் பேசறேன்" என்று போனில் மிரட்டி, ஒரு மணி நேரத்துக்குள் பணம் கட்டச் சொன்னால் அது கஸ்டம்ஸ் இல்லை. பார்சலும் இல்லை. உங்கள் மாமா விஷயத்தில் எனக்கு இதில் துளிச் சந்தேகம் கிடையாது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் போலீஸும் இல்லை, சைபர் நிபுணரும் இல்லை. 2000-லிருந்து பன்னிரண்டு வருஷம் கோபிசெட்டிபாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன், இப்போது கம்ப்யூட்டர் சர்வீஸ். ஸ்டேஷனுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்குத்தான் வருவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

சென்டரில் பிளைவுட் வைத்து அடைத்த ஒன்பது கேபின். ஆளுக்கு ஒரு திரைச்சீலை. சாயங்காலமானால் பாலிடெக்னிக் பையன்கள் வந்து யாஹூ சாட் ரூமில் உட்கார்ந்துகொள்வார்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி 'ஏ.எஸ்.எல்?' வயசு, ஆணா பெண்ணா, ஊர். மூன்றுக்கும் என்ன பதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒருசமயம் மூன்றாம் கேபினில் ஒரு பையன், எட்டாம் கேபினில் அவனுடைய கூட்டாளி. எட்டாம் கேபின்காரன் 'ஸ்வேதா, 19, சென்னை அண்ணா நகர்' என்று ஒரு ஐடி போட்டு, மூன்றாம் கேபின்காரனோடு மூன்று வாரம் பேசினான். மெஷின் தொங்கினால் போய் ரீஸ்டார்ட் பண்ணுகிறவன் நான், இரண்டு ஸ்க்ரீனும் எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேன், சொல்லவில்லை. ரெண்டு பேரும் மணிக்கு 25 ரூபாய் கொடுக்கிற வாடிக்கை.

ஒருநாள் சாயங்காலம் 6:40-க்குக் கரண்ட் போனது. மறுநாள் மூன்றாம் கேபின்காரன், "ஸாரி, நேத்து பாதியில கரண்ட் போயிருச்சு" என்று அடித்தான். ஸ்வேதா உடனே, "எனக்குந்தான். ஆறு நாப்பதுக்குப் போனது ஒம்போதுக்குத்தான் வந்துச்சு" என்றது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் அடிக்கவில்லை. அப்புறம் எழுந்து, சேரின் மேல் ஏறி, பிளைவுட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தான். சண்டை ஒன்றும் போடவில்லை. ஐந்து ரூபாய் சில்லறை பாக்கியை வாங்காமல் போனவன் திரும்பி வரவேயில்லை. ஆறேழு வருஷம் கழித்து மொடச்சூர் சந்தையில் பார்த்தேன். குசலமெல்லாம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டான்: "அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமில்லீங்கண்ணா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இப்படி வருகிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பொய் எதில் உடைந்தது? போட்டோவில் இல்லை, பேச்சில் இல்லை. மூன்று வாரமும் ஸ்வேதா சொன்னதில் ஒரு பிசகு கிடையாது. கோபியில் போன கரண்ட்தான் உடைத்தது. பொய்யாள் தன்னைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் சொல்வான், அது அவன் படித்து வைத்த பாடம். தன்னைச் சுற்றி இருப்பதைச் சொல்லும்போதுதான் மாட்டுவான். ஆளைத் துருவாதீர்கள், ஆளைச் சுற்றித் துருவுங்கள். என் அனுபவத்தில் இதைவிட உருப்படியான வழி இல்லை.

நம் பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. ஒரு ஜாதகம் வந்தால் பெண்ணையோ பையனையோ பற்றியா முதலில் கேட்கிறோம்? எந்த ஊருங்க, யாரு வூடு, என்ன கூட்டம் (குலம்), எந்தக் கோயில் என்றுதான் கேட்போம். அப்புறம் யாராவது ஒருத்தர் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊர் டீக்கடையில் போய் உட்காருவார். ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், அந்தப் பக்கம் பொண்ணு கட்டினவர் யாராவது இல்லாமல் இருக்க மாட்டார்கள். கூட்டம் கேட்கிற பழக்கத்தில் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் அந்த விசாரிப்பின் சூட்சுமம் சரி: ஒரு மனுஷன் தனியாக நிற்க மாட்டான், அவனைத் தெரிந்த பத்துப் பேர் இருப்பார்கள். மூன்று ஊர் தாண்டி விசாரிக்கிற அதே மாமாதான் எட்டு மாதமாக ஒரு விசாரணையும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

அதற்காக அவரை ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். 1996-இல் ஜோசப் வால்தர் என்ற அமெரிக்கத் தகவல்தொடர்புப் பேராசிரியர் இதை ஆராய்ந்து எழுதினார். எழுத்தில் மட்டும் பழகும்போது நெருக்கம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சிலசமயம் நேரில் பழகுவதைவிட அதிகமாகிறது என்றார் அவர். எழுதுகிறவர் யோசித்து, திருத்தி, நல்ல பக்கத்தை மட்டும் அனுப்புகிறார். படிக்கிறவர் தெரியாத இடத்தையெல்லாம் தன் ஆசையை வைத்து நிரப்பிக்கொள்கிறார். அப்படிப் பார்த்தால் அந்த லண்டன் நர்ஸில் பாதியை உங்கள் மாமாதான் செய்திருக்கிறார். அதனால்தான் அவளைக் குறை சொன்னால் அவருக்குச் சுடுகிறது.

இது சாட் ரூம் பிறந்தபோதே பிறந்த சங்கதி. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்ற சேவையில் 'ஜோன்' என்று ஒரு பெண் எல்லோருக்கும் சிநேகிதி. மூளை நரம்பியல் படித்த உளவியலாளர், கார் விபத்தில் ஊனமாகிப் பேச்சும் போனவர் என்று சொல்லியிருந்தார். எத்தனையோ பெண்கள் தங்கள் கஷ்டத்தையெல்லாம் அவரிடம் கொட்டினார்கள். கடைசியில் பார்த்தால் ஜோன் என்பது நியூயார்க்கின் ஆண் மனநல மருத்துவர் ஒருவர். 1985-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் இது விரிவாக வெளிவந்தது. விபத்தையும் பேச்சு போனதையும் கவனியுங்கள். போனில் பேசாமல், நேரில் வராமல் இருப்பதற்கு அனுதாபமும் கலந்த காரணம் அது. நாற்பது வருஷம் ஆகியும் சரக்கு மாறவில்லை: கேமரா உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் போன் விடமாட்டார்கள், வாடகை வீட்டு ஓனரம்மா கண்டிப்பு.

இங்கே ஒரு விஷயம் சொல்லாவிட்டால் பாவம். பொய்ப் பேரில் இருப்பவர்களெல்லாம் மோசக்காரர்கள் இல்லை. என் சென்டருக்கு வந்த கல்லூரிப் பெண்கள் பலர் ஆண் பேரில்தான் ஐடி வைத்திருந்தார்கள். பெண் பேரில் நுழைந்தால் ஒரே நிமிஷத்தில் ஸ்க்ரீன் தெரியாத அளவுக்கு விண்டோ குதிக்கும், அதில் பாதி வாயில் சொல்ல முடியாதது. அது தற்காப்பு. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற பையன் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்வதும் பொய்தான், ஆனால் யாரிடமும் ஒன்றும் பிடுங்காதவரைக்கும் அது அவன் மனக்குறை. எதிராளியின் பணமோ படமோ உடம்போ குறியானால்தான் அது மோசடி. பொள்ளாச்சியில் அது எவ்வளவு தூரம் போனது என்று நமக்குத் தெரியும். சமூக வலைத்தளப் பழக்கத்தில் தொடங்கிய அந்தக் கொடுமை 2019-இல் வெளியே வந்து, 2025 மே 13-ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்புச் சொன்னது.

இப்போது நான் தோற்ற கதை ஒன்று. ரெண்டு வருஷத்துக்கு முன் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை அவர் மகள் கடைக்குக் கூட்டி வந்தது. மனைவி தவறி மூன்று வருஷம். இங்கேயும் லண்டன்தான், இங்கேயும் நர்ஸ்தான். வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்போர்ட் சாட்' என்று கொடுத்தால் மொத்தப் பேச்சும் தேதி, மணியோடு ஒரு கோப்பாக வந்துவிடும். அதை எடுத்து உட்கார்ந்து படித்தேன். பிப்ரவரியில் ஒருநாள் நம் நேரம் இரவு 1:32-க்கு, "இப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்தேன், மணி எட்டு" என்று இருந்தது. சரிதான், அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மே மாதத்தில் இரவு 1:30-க்கு மறுபடி, "மணி எட்டாச்சு, இப்பத்தான் வந்தேன்." இங்கேதான் இடித்தது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறுதான் திருப்புவார்கள். மே மாதத்தில் நமக்கு 1:30 என்றால் லண்டனில் ஒன்பது. எட்டு மணிக்கு வீடு வருகிற நர்ஸ் நமக்கு 12:30-க்கே மெசேஜ் போட்டிருக்க வேண்டும். எங்கோ உட்கார்ந்துகொண்டு ஐந்தரையைக் கழித்துக் கழித்து எழுதுகிற ஆளுக்குத்தான் அந்தத் தப்பு வரும்.

பெரிய துப்பறிவாளன் மாதிரி வாத்தியாருக்கு விளக்கினேன். முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தினவர், தீர்க்கரேகை எல்லாம் எனக்குச் சொல்லித்தரக்கூடியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டூட்டி நேரத்தை மாத்தியிருப்பாங்கப்பா" என்றார். 'மணி எட்டு' என்று அவளே எழுதியிருக்கிற வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "அசதியில மாத்தி அடிச்சிருக்கும்" என்றார். அடுத்த வாரம் இன்னும் 15,000 அனுப்பினார்.

ஓட்டையை நாம் காட்டினால் அவர்கள் அடைத்துவிடுவார்கள். அவர்களே கண்டால்தான் உண்டு. ஒரு மாதம் கழித்து வாத்தியார் தானாகவே ஒரு மத்தியானம், "அங்க இப்ப மணி எத்தனைம்மா?" என்று கேட்டிருக்கிறார். பதில் உடனே வந்தது. ஒரு மணி நேரம் குறைவாக. அன்றைக்கே பிளாக் பண்ணிவிட்டார். இதை என்னிடம் சொன்னது மகள்தான். அவர் இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

ஆக, உங்கள் மாமாவிடம் ஆதாரத்தைக் கொண்டுபோகாதீர்கள், கேள்வியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். "மாமா, கோயம்புத்தூர்ல அவங்க வூடு எந்தப் பக்கம்? எந்த ஸ்கூலு? என் ஃப்ரெண்டு அந்த ஸ்கூல்தான், எந்த வருஷம்னு கேளுங்க" என்று, சந்தேகம் தொனிக்காமல், கல்யாணம் விசாரிக்கிற மாதிரியே கேளுங்கள். மழை பெய்கிறதா, சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, ஒரு போட்டோ இப்பவே அனுப்பச் சொல்லுங்கள். பிரிட்டனில் பதிவு செய்த நர்ஸ் என்றால், அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலின் தளத்தில் பேரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடலாம். அதையும் மாமாவே தேடட்டும். பார்சல் அனுப்பியிருந்தால் கூரியர் நம்பர் இருக்கும், அவள் அனுப்புகிற லிங்கில் போகாமல் அந்த கூரியர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பது நல்லதுதான். வேறு யாரோ ஒரு பெண்ணின் பக்கத்தில் அதே படம் கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் ஆள் நிஜம் என்று ஆகிவிடாது. திருடின படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடுகிறார்கள், இல்லாத முகத்தையே இப்போது கம்ப்யூட்டரில் உண்டாக்குகிறார்கள். குரலும் அப்படியே. கல்லூரி அணியில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆடிய மான்டை டேயோவின் காதலி இறந்துவிட்டாள் என்று 2012-இல் அமெரிக்காவே துக்கப்பட்டது. 2013 ஜனவரியில் பார்த்தால் அப்படி ஒரு பெண்ணே இல்லை. அவர் அந்த 'பெண்ணோடு' போனில் நிறையப் பேசியவர்தான். வீடியோ காலில் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லலாம், பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம், போலி முகம் அப்போது நெளிய வாய்ப்பு உண்டு. ஆனால் அதையே முழுசாக நம்பி இருக்காதீர்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு பெண்ணோ ஒரு ஆளோ இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஷிப்ட் போட்டு, ஒரே 'நர்ஸை' நாலு பேர் ஓட்டுவார்கள், மாமாவின் அம்மா பேர், தறிக் கணக்கு எல்லாம் குறித்து வைத்திருப்பார்கள். மியான்மரிலும் கம்போடியாவிலும் இதற்கென்றே வளாகங்கள் இருக்கின்றன. டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்தில் சம்பளம் என்று நம்பிப் போய் அங்கே அடைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பையன்கள் 2022-இல் மீட்கப்பட்டு வந்தார்கள். அடி உதைக்குப் பயந்து சாட் பண்ணினவர்கள் அவர்கள். மாமாவோடு கொஞ்சிப் பேசுவது அப்படி மாட்டின ஒரு பையனாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரிவதில்லை.

பணம் போய்விட்டால் யோசிக்காமல் 1930-க்கு அடியுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் போன கணக்கை முடக்கிவைக்க வழி இருக்கிறது, பணம் கை மாறி மாறிப் போய்விட்டால் கஷ்டம். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதியலாம், மாவட்டச் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கும் போகலாம். ஆத்திரத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், கையில் இருக்கிற சாட்சி அது ஒன்றுதான். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை உண்டு. ஆள் வெளிநாட்டில் இருந்தால் பிடிப்பது சிரமம். ஆனால் பணம் போகிற முதல் கணக்கு பெரும்பாலும் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட நம் நாட்டுக் கணக்காகத்தான் இருக்கும், அந்த ஆளைப் பிடிக்கலாம். அப்புறம், "போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க" என்று ஒருத்தன் வருவான். பெரும்பாலும் அதே கும்பல்.

மாமா ஏதாவது அந்தரங்கப் படம் அனுப்பியிருந்தால் அடுத்தது மிரட்டல் வரும். கொடுத்தால் நிற்காது, கூடும். அப்போதும் அதே 1930. அவரிடம் இதை நேராகக் கேட்காதீர்கள், "அப்படி நடந்தா பயப்பட வேண்டாமாம் மாமா, போலீஸ்ல பேரு வெளிய வராம பாத்துக்கச் சொல்லிக் கேக்கலாமாம்" என்று பொதுவில் சொல்லி வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் கேமில் சாட் பண்ணினால், வயசு மாற்றிச் சொல்லிப் பழகுகிற பெரியவர்கள் அங்கேயும் உண்டு. அதற்கு 1098.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது: ராத்திரி ஷிப்ட்டுக்கு மாமா ஒருத்தரே ஆள். பன்னிரண்டு தறி ஓடுகிற சத்தத்தில் போனில் யாரோடும் பேச முடியாது, டைப் பண்ணத்தான் முடியும். ஊடை நூல் தீர்ந்து தார்க்குழல் மாற்றுகிற இடைவெளியில் ஒரு 'சாப்டீங்களா' வந்து நிற்கும். வீடியோ காலுக்கு ஏன் வரவில்லை என்று அவர் வற்புறுத்தாததற்கும் அந்தச் சத்தம் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். முடிந்தால் இந்த வாரம் ரெண்டு ராத்திரி நீங்களும் தறிக்குடோனில் போய் இருங்கள். உபதேசம் வேண்டாம், தார் சுற்றிக் கொடுங்கள், பன்னிரண்டு மணிக்கு டீ வாங்கி வாருங்கள். அவராகப் பேச்சை எடுத்தால், மணி என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். கூரியர் நம்பர் என்று ஏதாவது வந்தால் இங்கே எழுதாதீர்கள், அதை நீங்களும் மாமாவும் சேர்ந்து உட்கார்ந்தே தேடுங்கள்.